மூன்றில் ஒரு பங்கு யாருடையது?



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில், துபாயில் இருக்கும் ஒரு மாணவர் கேட்டிருந்தார்: "சார், ஊருக்குள்ள நுழையிற இடத்துல கேமராவும், ஏரிக்குப் போற வழியில விளக்கும் போடணும்னு பேசிக்கிறாங்க. மூணுல ஒரு பங்கு நாம கட்டினா மீதியை அரசாங்கம் போடுமாமே. நாங்க எட்டு பேர் சேர்ந்து அனுப்புறோம். சரியா வருமா?"

"வரும்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பீரியட் முழுக்கப் பதில் சொல்கிற பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. இந்த மூன்றில் ஒரு பங்குக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

அரசு பாதி, ஊர் பாதி என்பது நேற்று வந்த யோசனை அல்ல. ஏரிக்கரையைப் பலப்படுத்துவது, வாய்க்கால் தூர் வாருவது போன்ற வேலைகளுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வருவதைக் குடிமராமத்து என்றார்கள். ஊர்க்காரர்களே கூடிச் செய்துவந்த இந்த வேலையை வெள்ளைக்காரர் ஆட்சி சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கப்படி வேலைக்கு வராதவருக்கு அபராதம் என்று அது சொன்னது. ஊர் தானாகக் கொடுத்த பங்கு, அரசு கேட்டு வாங்கும் பங்காக மாறியது அங்கேதான். அதே குடிமராமத்து என்ற பெயரில் 2017-ல் தமிழக அரசு ஏரி, குளங்களைச் சீரமைக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள்.

நாடு விடுதலை அடைந்த பிறகு, 1952 அக்டோபர் 2-ம் தேதி, காந்தி பிறந்த நாளில், சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 55 இடங்களில் தொடங்கியது. கிராம சேவக் என்று ஒருவர் சைக்கிளில் வருவார். ரோடு, கிணறு, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றிலும் மக்கள் பங்கு இருக்க வேண்டும் என்றார்கள். ஐந்து ஆண்டு கழித்து பல்வந்தராய் மேத்தா குழு ஆய்வு செய்துவிட்டு, மக்கள் இதைத் தங்கள் திட்டமாக நினைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று அந்தக் குழு சொன்னதால்தான் நமக்கு ஊராட்சி ஒன்றியம் வந்தது. மக்களிடம் பங்கை மட்டும் கேட்டு, முடிவை வேறு யாரோ எடுத்தால், வேலை முடிந்த மறுநாளே அது யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். அன்றைக்குக் கற்ற பாடம் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் இது நன்றாக நடந்தது. ஆசிரியன் என்பதற்காகச் சொல்லவில்லை. காமராஜர் காலத்து மதிய உணவு முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும்தான் ஓடியது. 1957-ல் அரசு மானியம் வந்தபோது ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கு. ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். அடுத்து, பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். முதல் மாநாடு 1958-ல் நடந்த இடம் எது தெரியுமா? நம் மாவட்டத்துக் கடம்பத்தூர்தான். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். ஊர்க்காரர்கள் மேடை ஏறி ஒருவர் கட்டடம், ஒருவர் மேசை நாற்காலி, ஒருவர் பிள்ளைகளுக்குச் சீருடை என்று அறிவித்தார்கள். நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் தலைமை ஆசிரியர் அறைக் கடிகாரத்தில் ஒரு நன்கொடையாளர் பெயர் எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் அது.

இப்போது நம் ஏரிக்கு வருகிறேன். வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக: சென்னையிலிருந்து வடக்கே கூடூர் போகும் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ரயில் நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா, ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரி.

இந்த ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் அரசு சொல்லித் தருவதற்கு முன்பே பங்கு போடத் தெரியும். கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழாவா, கோர்ட்டு வழக்கா, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றுவதா, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்ப் பஞ்சாயத்து சொன்னால் ஒரு வாரத்தில் பணம் வந்து நிற்கும். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஊர்களில் 'பாடு' என்ற முறை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இறாலுக்குச் சுத்துவலை போடும் நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாமல், தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொடுப்பார்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் வியந்து எழுதிய முறை. ஆனால் அதற்குள் ஒரு கதவும் இருக்கிறது. தலைக்கட்டாக இருப்பவருக்குத்தான் பாடு. இருளர் குடும்பங்கள் தலைக்கட்டுக் கணக்கில் வருவதில்லை. அவர்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். வரியும் இல்லை, முறையும் இல்லை.

இந்த நிலையில்தான் 1997-98-ல் கலைஞர் அரசு 'நமக்கு நாமே' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊர் தன் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது. 2021-ல் மறுபடி நமக்கு நாமே. ஆட்சியும் பெயர்ப்பலகையும் மாறினாலும் ஊர்ப்பங்கு கேட்பது மாறவில்லை.

இனி என் கதை. 1998-ல் ஏரியை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இறால் பண்ணை லாரிகள் ஓயாமல் ஓடிய காலம். பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடுவார்கள் என்ற பயத்தில் சுற்றுச்சுவர் கட்ட முடிவு செய்தோம். ஊர்ப்பங்கு சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. குப்பத்துப் பஞ்சாயத்தார் தலைக்கட்டு வரி போட்டார்கள். இரண்டே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. பெருமையாக நோட்டில் வரவு வைத்தேன்.

சுவர் எழும்பியது. வாசல் எந்தப் பக்கம் என்று கேள்வி வந்தபோது, பணம் கொடுத்தவர்கள் கிழக்கே, குப்பத்துப் பக்கம் கேட்டார்கள். அது நியாயமாகவும் பட்டது. நானும் தலையாட்டினேன். மேற்கே வயலுக்கு அந்தப் பக்கம் இருளர் குடிசைகள். அந்தப் பிள்ளைகள் வரப்பு வழியாக நேரே வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவர்கள். சுவர் வந்த பிறகு லாரி ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எந்த ஆபத்துக்காகச் சுவர் கட்டினோமோ, அந்த ஆபத்துக்குள்ளேயே அவர்களைத் தள்ளிவிட்டோம்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். வாய்ப்பாடு பதினாறு வரை தடங்காமல் சொல்வாள். அவள் வரவில்லை. மூன்றாம் வாரம் தேடிப் போனேன். "லாரி ரோட்டுல சின்னப் புள்ளைங்கள எப்படி சார் அனுப்புறது?" என்றார் அவள் அம்மா. பதில் சொல்லத் தெரியாமல் திரும்பினேன். 'தொடர்ந்து வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதியது என் கைதான். இரண்டு ஆண்டு கழித்து மேற்குச் சுவரை உடைத்து ஒரு சின்ன இரும்புக் கதவு வைத்தோம். அதற்கு ஆன செலவு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போயிருந்தது.

யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. குப்பத்து மக்கள் வயிற்றைக் கட்டிக் கொடுத்த பணம் அது. தவறு என்னுடையது. பங்கு கொடுத்தவர்கள் பட்டியலை, பயன் பெற வேண்டியவர்கள் பட்டியலாக நினைத்துவிட்டேன். அன்றைய விதியும் என்னைத் தடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். வீடு இழந்தவர்களுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் வீடு என்று 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. யாரும் மூன்றில் ஒரு பங்கு கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பேரிடர் என்றால் முழுதும் அரசு தரும். அன்றாடப் பாதுகாப்புக்கு, அதாவது விளக்குக்கும் சுவருக்கும் நடைபாதைக்கும், பங்கு கேட்கும். பங்கு கொடுக்க முடியாதவர்களுக்கோ ஒவ்வொரு இருட்டும் ஒரு சின்னப் பேரிடர்தான். விடியலுக்கு முன் ஏரிக்குப் போகிறவர்களைப் பாம்பு கடித்த கதை நம் ஊரில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்கள் பாட்டிமார்களைக் கேளுங்கள்.

2021-ல் திரும்ப வந்த திட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதியில் செய்யும் வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு லட்ச ரூபாய் வேலைக்கு மற்ற இடத்தில் 66,667 ரூபாய். இருளர் காலனிக்கு 40,000. அதையும் அவர்களே கொடுக்க வேண்டும் என்று இல்லை. தனி நபர், குழு, நிறுவனம் யார் வேண்டுமானாலும் கட்டலாம். செலவில் பாதி அல்லது அதற்கு மேல் கட்டினால், கட்டியவர்களே வேலையை எடுத்துச் செய்யவும் இடம் உண்டு. இல்லையென்றால் டெண்டர். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும்.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையில் 2017-க்குப் பிறகு காவல்துறை 'மூன்றாவது கண்' என்று சொல்லி, கடைக்காரர்களும் குடியிருப்போரும் தங்கள் பணத்தில் கேமரா வைத்தார்கள். குற்றவாளிகளைப் பிடிக்க அது உதவியது உண்மை. நம் நெடுஞ்சாலை முனைக்கும் தேவைதான். ஆனால் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் இருளர் குடிசைக்குப் போய் விசாரிக்கிற வழக்கம் உள்ள ஊரில், அவர்களுக்கு விளக்கு தராமல் அவர்கள் வரும் வழியில் கேமரா மட்டும் வைத்தால் அதை என்னவென்று சொல்வது? நான் கட்டிய சுவரைப் போலத்தான் அதுவும் முடியும்.

ஆகவே துபாய் மாணவருக்கும் மற்ற ஏழு பேருக்கும் என் பதில்: அனுப்புங்கள். ஆனால் அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை விளக்கு என்று வரைபடம் இருக்கிறதா? அதில் காலனி இருக்கிறதா? எரியாத விளக்கை மாற்றவும் மின் கட்டணம் கட்டவும் ஊராட்சி ஒப்புக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறதா? அக்டோபர் 2-ம் தேதி கிராம சபைக்கு நான் போகிறேன். 1952-ல் எல்லாம் தொடங்கிய அதே தேதி. காலனியிலிருந்து நாலு பேரையாவது கூட அழைத்துப் போவேன். விளக்குக் கம்பம் எங்கே நட வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். இருட்டில் நடக்கிறவர்களுக்குத்தான் இடம் தெரியும்.

உங்கள் பணத்தில் முதல் 40,000 ரூபாயை மேற்குப் பக்கத்துக்கு என்று எழுதி அனுப்பினால், இந்த வயதில் எனக்கு ஒரு பாரம் குறையும். அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பொங்கலுக்கு வரும்போது வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்
ஆரம்பாக்கம்