சாளைக்குக் கொழுப்பு ஜாஸ்தி!

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபின் தூத்துக்குடியிலிருந்து இங்கே ஹைதராபாத்துக்குக் கூட்டி வந்துவிட்டோம். "நான்-வெஜ் வேண்டாம்" என்று டாக்டர் சொன்னாரோ இல்லையோ, அன்றைக்கே மீனையும் விட்டுவிட்டார். சாளைக் குழம்பிலேயே வளர்ந்த மனுஷர். தட்டைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "சாளைக்குக் கொழுப்பு ஜாஸ்தில, வேண்டாம்" என்பதோடு சரி.

இந்தக் கொழுப்புக் கணக்கை முதலில் யார் போட்டது என்று தேடினேன். விடை நான் தினமும் ஆபீஸ் போகிற வழியிலேயே இருந்தது! தார்நாகாவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

அதுவும் நம்மைப்போல ஊர்விட்டு ஊர் வந்ததுதான். 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் ஆரம்பித்தது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட், 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1958-ல் ஆய்வகம் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1971-ல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் சகாக்களும் கொண்டுவந்த புத்தகம்தான் பல வருஷம் நம் நாட்டு டயட்டீஷியன்களுக்குப் பாடம்.

அதன் பிரதான அட்டவணையில் ஒவ்வொரு மீனுக்கும் புரதம், கொழுப்பு, கால்சியம், இரும்பு என்று வரிசையாக எண்கள். கொழுப்புக்கு ஒரே ஒரு கட்டம். நெய்யில் இருப்பதும் கொழுப்பு, சாளையில் இருப்பதும் கொழுப்பு! போதாக்குறைக்கு சாளையின் கொழுப்பு சீசனுக்கு சீசன் மாறும். இளைத்த சாளைக்கும் கொழுத்த சாளைக்கும் பல மடங்கு வித்தியாசம்.

தற்செயலாக, அதே 1971-ல்தான் டென்மார்க்கின் பாங், டையர்பெர்க் இருவரும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மீனும் சீலும் தின்று வாழும் கிரீன்லாந்து மக்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் குறைவு என்பது அவர்கள் கண்டது. கொழுப்பின் அளவு மட்டுமல்ல, ரகமும் முக்கியம் என்ற பேச்சு பரவியது. ஒமேகா-3 பிரபலமானது. (மாத்திரையாக விழுங்கினால் இதயத்துக்குப் பலன் உண்டா என்பதில் பின்னாள் ஆய்வுகள் ஒரே முடிவு சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

நம் தார்நாகா நிறுவனம் 2017-ல் 528 உணவுகளுக்குப் புது அட்டவணை போட்டது. அதில் கொழுப்பை ரகம் ரகமாகப் பிரித்துவிட்டார்கள். மலிவு மீன், ஏழை மீன் என்று ஒதுக்கிய சாளையின் ஒமேகா-3-க்கும் தனி எண் வந்தது.

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டினேன். சிரித்தார். "நான் சொன்னது மட்டனை. மீன் சாப்பிடட்டும், வாரம் ரெண்டு நாள். ஆனால் பொரிக்காமல், குழம்பாக."

மறுநாள் ராம்நகர் மார்க்கெட்டுக்கு அப்பாவோடு போனேன். எங்கு பார்த்தாலும் கொரமேனு, ரோகு. ஒரு மூலையில் ஐஸ் பெட்டிக்குள் சாளை. செவுளைத் தூக்கிப் பார்த்தவர், "மூணு நாளு மீனுல இது" என்றார். ஆனாலும் ஒரு கிலோ வாங்கினார். ராத்திரி முள்ளோடு மென்றார். கால்சியம் அந்த முள்ளில்தான் இருக்கிறது.

அட்டவணையில் ஒரு கட்டம் குறைந்தால், ஒரு வீட்டில் ஒரு தட்டு காலியாகிவிடுகிறது. டாக்டர் "வேண்டாம்" என்றால், எது வேண்டாம் என்று ஒருதரம் திருப்பிக் கேளுங்கள்.

அப்புறம், உங்க ஊரில் சாளைக்கு என்ன பேரு? மத்தியா, வேறயா?