மாஸ்கோத் தூதரின் கையொப்பம்

உடன்படிக்கை என்பது வரலாற்றுப் பாடநூல்களில் ஓர் ஆண்டும் இரண்டு பெயர்களுமாகச் சுருங்கிவிடுகிறது. பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். 1939 ஆகஸ்ட் 23 என்ற நாளையும் நான் அப்படித்தான் படித்திருந்தேன். அந்த நாளின் நிழலில் நின்ற ஒரு முதியவரைப் பற்றி அறிந்த பிறகு, அந்தத் தேதி என்னை எளிதில் விடவில்லை.

அன்று மாஸ்கோவில் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்டிராப்பும் சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலொட்டோவும், பத்தாண்டுகளுக்கு ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று உடன்பட்டனர். ஆறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் மானுடத்தின் பகைவர் எனத் தூற்றிவந்த இரு ஆட்சிகள் அவை. விமான நிலையத்தை அலங்கரிக்கத் தேவையான சுவஸ்திகக் கொடிகள், நாசி எதிர்ப்புத் திரைப்படங்கள் எடுத்த படப்பிடிப்பு நிலையத்திலிருந்தே வந்தன என்று சொல்லப்படுகிறது. கையொப்பம் முடிந்ததும் ஹிட்லரின் நலத்திற்காக ஸ்டாலினே மதுக்கிண்ணத்தை உயர்த்தினார்.

மறுநாள், ஆகஸ்ட் 24 அன்று, திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் வானொலி வழியாக உலகத் தலைவர்களிடம் அமைதிக்காக மன்றாடினார். போலந்தின் பங்கீடு அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. உடன்படிக்கையோடு இணைத்த இரகசியத் தாள் ஒன்றில் நரேவ், விஸ்துலா, சான் ஆகிய ஆறுகளை எல்லையாக வைத்து அந்நாட்டை இருவரும் பிரித்துக்கொண்டனர். செப்டம்பர் 1 அன்று ஜெர்மானியப் படையும், 17 அன்று சோவியத் படையும் உள்ளே நுழைந்தன. பின்னர் செப்டம்பர் 28 அன்று எழுதிய மற்றொரு தாளில், கத்தோலிக்கர் நிறைந்த லித்துவேனியா சோவியத் பங்குக்கு மாற்றப்பட்டது. அதன் தென்மேற்கு ஓரத்தில் ஒரு சிறு நிலப்பகுதி மட்டும் ஜெர்மனிக்கு என ஒதுக்கி வைக்கப்பட்டது.

இந்த நட்பு எத்தகையது என்பதை ஒரு பாலம் சொல்லும். மார்கரெட்டே பூபர்-நாய்மன் ஜெர்மானியப் பொதுவுடைமையாளர். 1935இல் மாஸ்கோவில் அடைக்கலம் புகுந்தவர். அங்கே 1937இல் அவருடைய கணவரைச் சுட்டுக்கொன்றார்கள். அவரைக் கரகண்டாவின் முகாமுக்கு அனுப்பினார்கள். 1940இன் தொடக்கத்தில், எல்லை நகரான பிரெஸ்ட் லிட்டோவ்ஸ்கில், அடைக்கலம் கொடுத்தவர்களே அவரையும் வேறு பலரையும் பாலத்தின் மறுகரையில் காத்திருந்த ஹிட்லரின் காவலரிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த ஐந்தாண்டுகள் அவருக்கு ராவன்ஸ்புரூக் முகாம். ஒரே பெண் இரு கொடுங்கோலரின் சிறைகளையும் கண்டு உயிரோடு மீண்டு, அதை எழுதியும் வைத்தார்.

இனி அந்த முதியவர். பிரபு ஷூலன்புர்க் 1934 முதல் மாஸ்கோவில் ஜெர்மனியின் தூதர். பழைய பிரபுக் குடும்பம், பழைய மரபு. ஜெர்மனியும் ரஷ்யாவும் ஒருபோதும் போரிடக்கூடாது என்பது அவருடைய அரசியல் நம்பிக்கை. நாசிக் கட்சியிலும் அவர் உறுப்பினரானார். அதை மறைத்துப் பேசுவது முறையன்று. 1939இன் உடன்படிக்கைக்காக மாஸ்கோவில் ஓடியாடி உழைத்தவரும் அவரே. அமைதிக்காகவே உழைப்பதாக அவர் உண்மையிலேயே நம்பியிருக்க வேண்டும்.

1940 டிசம்பர் 18 அன்று, ரஷ்யாவைத் தாக்க ஆயத்தமாகுமாறு ஹிட்லர் இரகசிய ஆணை பிறப்பித்தார். அடுத்த மூன்றரை வாரத்தில், 1941 ஜனவரி 10 அன்று, மாஸ்கோவில் ஒரு விற்பனை நடந்தது. லித்துவேனியாவில் ஜெர்மனிக்கென ஒதுக்கியிருந்த அந்த நிலப்பகுதியைச் சோவியத் அரசு 75 இலட்சம் தங்க டாலருக்கு, அதாவது 3 கோடியே 15 இலட்சம் மார்க்குக்கு, வாங்கிக்கொண்டது. எட்டில் ஒரு பங்கை மூன்று மாதத்திற்குள் உலோகமாகத் தரவேண்டும் என்றுகூட எழுதினார்கள். சந்தையில் ஆடுமாடு விற்பவர்கள்கூட விலங்கின் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே அந்த மண்ணில் வாழ்ந்த மக்களை எவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்தத் தாளில் ஜெர்மனியின் சார்பில் கையொப்பமிட்டவர் ஷூலன்புர்க்.

அந்த வசந்தத்தில் வதந்திகள் பெருகின. ஏப்ரல் 28 அன்று ஷூலன்புர்க் பெர்லினில் ஹிட்லரை நேரில் கண்டு வாதாடினார். ஸ்டாலின் போரை விரும்பவில்லை, அடுத்த ஆண்டு 50 இலட்சம் டன் தானியம் வரை தருவதற்கும் ஆயத்தமாயிருக்கிறார் என்றார். ஹிட்லர் பிடிகொடாமல் பேசினார். விடைபெறும் வேளையில், ரஷ்யாவோடு போரிடும் எண்ணம் தமக்கில்லை என்றும் சொன்னாராம். அது பொய் என்று தூதருக்கு அங்கேயே புரிந்துவிட்டது; திரும்பியதும் தம் ஆலோசகர் ஹில்கரிடம் அதைச் சொல்லிவிட்டார்.

இப்போது அவர் என்ன செய்வது? தம் அரசின் இரகசியத்தைக் காப்பது தூதரின் கடமை. அந்த இரகசியமோ இலட்சக்கணக்கானோரின் சாவு. குருமடத்தில் ஒழுக்கநெறி இயல் பயின்ற நாள்களில் இத்தகைய கேள்விகளை நாங்கள் நூல் பிரித்து விவாதித்தோம். அங்கே யாருடைய கழுத்துக்கும் கயிறு காத்திருக்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில், மாஸ்கோ வந்திருந்த சோவியத் தூதர் டெக்கனோசோவை ஷூலன்புர்க் தம் இல்லத்தில் உணவுக்கு அழைத்தார். வரவிருக்கும் ஆபத்தை வெளிப்படையாகவே எச்சரித்தோம் என்று ஹில்கர் பின்னாளில் எழுதினார். சோவியத் குறிப்புகளோ, வதந்திகளைப் பற்றியே பேச்சு இருந்ததாகக் காட்டுகின்றன. சொல்ல நினைத்ததைப் பாதியில் விழுங்கியிருக்கக் கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும் ஸ்டாலின் நம்பவில்லை.

ஜூன் 22 விடிகாலையில், பெர்லினிலிருந்து வந்த செய்தியை ஷூலன்புர்க் மொலொட்டோவுக்கு வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று. வாசித்தபோது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அந்தக் கடைசி இரவு வரை சோவியத் சரக்கு இரயில்கள் எல்லையைக் கடந்து ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தன.

நாடு திரும்பிய அவர், ஹிட்லரை வீழ்த்த முனைந்தவர்களோடு சேர்ந்தார். 1944 ஜூலை 20 முயற்சி தோற்றது. நவம்பர் 10 அன்று, 69 வயது நிறையப் பத்து நாள் இருக்கையில், பெர்லினின் பிளோட்சன்சே சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

1948இல் அமெரிக்க அரசு, கைப்பற்றிய ஜெர்மானிய ஆவணங்களை நூலாக வெளியிட்டது. இரகசியத் தாள் எதுவும் இருந்ததில்லை என்று மாஸ்கோ நெடுங்காலம் சாதித்தது. மொலொட்டோவ் முதுமையிலும் மறுத்துவந்து 1986இல் 96 வயதில் இறந்தார். 1989 ஆகஸ்ட் 23 அன்று பால்டிக் நாடுகளின் மக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் தாலின் முதல் வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றனர். அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவை அந்தத் தாள்களைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1948இன் அந்த நூலில், ஹிட்லரிடம் ஷூலன்புர்க் வாதாடிய உரையாடலின் குறிப்பும் இருக்கிறது. அதே நூலில் அதற்கு முன்னால், 75 இலட்சம் தங்க டாலரின் தாளும், அதன் கீழே அவருடைய பெயரும் இருக்கின்றன.