நல்லெண்ணெயிற் கலந்த நஞ்சு

எள்ளின் நெய்யே எண்ணெய் எனப்பட்டது. பிற்காலத்தே தேங்காயினின்றும் கடலையினின்றும் ஆமணக்கினின்றும் பெறப்பட்டனவற்றுக்கும் அப்பெயரே பொதுப்பெயராயிற்று. ஆகவே எள்ளின் எண்ணெயைத் தனித்துச் சுட்டவேண்டிய தேவை நேர்ந்தபொழுது தமிழ்மக்கள் அதனை நல்லெண்ணெய் என்றனர். ஒரு பொருளின் பெயரிலேயே ‘நல்ல’ என்னும் அடைமொழி அமைந்திருத்தல், அதன்பால் மக்கள் வைத்த நம்பிக்கைக்குச் சான்றாகும். அந்நம்பிக்கை இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1977, 1978ஆம் ஆண்டுகளில் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. இரசாயன அறிவு உணவைக் காக்கும் காவலனாக விளங்குவது எவ்வாறு, அக்காவல் தவறுவது எவ்விடத்தில் என்னும் இரண்டினையும் அவ்வரலாறு ஒருங்கே நமக்கு உணர்த்துகின்றது.

உணவிற் கலப்படம் செய்தல் புதுவதன்று. பாலில் நீரையும் மிளகிற் பப்பாசி விதையையும் கலப்போரை நம் முன்னோரும் அறிவர். ஆயின் கண்ணும் நாவும் கைவிரலுமே அக்காலத்துப் பரிசோதனைக் கருவிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவிற் கைத்தொழில் பெருகிப் புதுப்புதுச் சாயங்களும் உப்புக்களும் சந்தைக்கு வந்தபின் இக்கருவிகள் போதாவாயின. இலண்டனில் வாழ்ந்த ஜேர்மானிய இரசாயன அறிஞரான பிரெடரிக் அக்கும் என்பார் 1820இல் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, ஊறுகாய்க்குப் பசுமை ஊட்டிய செம்பையும் இனிப்புப் பண்டங்களுக்கு நிறம் ஊட்டிய ஈயத்தையும் வெளிப்படுத்தினார். 1858இல் பிராட்போர்ட் நகரில் இனிப்பில் ஆசனிக்கு தவறுதலாகக் கலந்தமையால் இருபது பேரளவில் இறந்தனர். 1860இலும் 1875இலும் இங்கிலாந்தில் உணவுச் சட்டங்கள் பிறந்தன. அம்மரபினை ஒட்டியே இலங்கையிலும் 1949ஆம் ஆண்டின் உணவு மருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுப்பதும், பகுப்பாளர் அதனைச் சோதித்துச் சான்று வழங்குவதும், நீதிமன்றம் தீர்ப்பளிப்பதும் இம்மரபின் முறையாகும்.

இனி மலைநாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்டார். அவ்வாண்டிலேயே புகையிரதப் பாதையும் கண்டியை எட்டியது. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்க வந்த தமிழ்மக்கள், தாம் வாழ்ந்த லயங்களிலே தம் ஊர் வழக்கங்களையும் போற்றி வந்தனர். பெண் பூப்பெய்தியவிடத்து அவளைத் தனித்திருத்தி, உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டி உடலைத் தேற்றுதல் அவ்வழக்கங்களுள் ஒன்று. நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் தாய், தன் மகளுக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த ஊட்டம் அதுவேயெனக் கருதினாள். 1974ஆம் ஆண்டளவில் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் இறப்பு வீதம் மிக உயர்ந்திருந்தமையை நினைவு கூர்வோர்க்கு, அக்கரண்டி எண்ணெயின் அருமை நன்கு விளங்கும்.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இத்தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் நரம்பு வாதத்தினாற் பீடிக்கப்பட்டனர். பேராதனை மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிமல் சேனநாயக்க அவர்கள் ஜெயரத்தினம் அவர்களுடன் சேர்ந்து இந்நோயின் காரணத்தை ஆராய்ந்து, 1981இல் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். நோயுற்றோரை மூன்றாண்டுகள் தொடர்ந்து நோக்கிய மற்றோர் ஆய்வினையும் சேனநாயக்க அவ்வாண்டிலேயே வெளியிட்டார்.

ஒரு நோய் வீட்டிலுள்ள யாவரையும் பற்றாது, ஒரு பருவத்துப் பெண்களையே தேர்ந்து பற்றுமாயின், அப்பருவத்தினர்க்கே உரிய ஏதோ ஒன்றினைத் தேடவேண்டும். அவ்வாறு தேடியவழி, பூப்பெய்திய சிறுமியர்க்கு ஊட்டப்பட்ட ஒருவகைச் சிறப்பான நல்லெண்ணெயிலே விடை கிடைத்தது. அவ்வெண்ணெயில் முக்கிரெசைல் பொசுபேற்று என்னும் சேதனப் பொசுபரசுச் சேர்வை கலந்திருந்தமை தெரியவந்தது. முன்னர்க் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுசென்றமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். அக்கருத்து மெய்யாயின், கழுவாத ஒரு பீப்பாயே அச்சிறுமியரின் கால்களைத் தளர்த்திற்று எனல் வேண்டும்.

முக்கிரெசைல் பொசுபேற்று இயந்திரங்களின் உராய்வுநீக்கி எண்ணெய்களிற் சேர்க்கப்படுவது. பிளாத்திக்குப் பொருள்களை இளக்கவும் பயன்படுவது. அதனைக் காட்டிக்கொடுக்கும் நிறமோ மணமோ சுவையோ அதற்கு இல்லை எனலாம். எண்ணெயில் எளிதிற் கரைந்து மறைந்துவிடும். இச்சேர்வையின் சமபகுதியங்களுள் ஓதோ வகையே கொடியது. அது ஈரலை அடைந்ததும் அதனினும் வீரியமுள்ள வேறொரு பொருளாக மாற்றப்படுகின்றது. அப்பொருள் நரம்புக்கலங்களிலுள்ள ஒரு நொதியத்தைப் பற்றிக்கொண்டு அதனை மீளாவகையிற் செயலிழக்கச் செய்கின்றது. அதன்பின் நீண்ட நரம்பிழைகள் நுனியிலிருந்து சிதைவுறத் தொடங்கும். உடலில் மிக நீண்ட நரம்பிழைகள் காலுக்குச் செல்வன. ஆதலின் முதலிற் கெண்டைக்கால் நோகும், பின்னர்ப் பாதந் தொங்கும், அதன்பின் கைகளும் தளரும்.

இந்நஞ்சின் மிகப் பெருங் கொடுமை யாதெனின், அதன் தாமதமே. நஞ்சு உட்சென்று ஒன்று முதல் மூன்று கிழமைகள் கழிந்தபின்னரே கால்கள் தளரும். அதற்குள் எண்ணெய்ப் போத்தல் தீர்ந்திருக்கும். உண்டது யாது என்னும் நினைவும் மங்கியிருக்கும். தளர்ந்த மகளைத் தேற்றுதற்குத் தாய் மேலும் அவ்வெண்ணெயையே ஊட்டவும் கூடும். உண்டவுடன் வருத்தும் நஞ்சினை மக்கள் தாமே கண்டு விலக்குவர். மூன்று கிழமை காத்திருந்து வருத்தும் நஞ்சினை இரசாயன ஆய்வுகூடத்தின் துணையின்றிக் காணுதல் அரிது.

இச்சேர்வை மனிதரை முடக்கியது மலைநாட்டில் முதன்முறையன்று. 1930இல், மதுவிலக்கு நிலவிய அமெரிக்க ஐக்கிய நாட்டில், யமேக்கா இஞ்சிச் சாரம் எனப்பட்ட மருந்தினை மதுவாக அருந்தியோர் பல்லாயிரவர் கால் முடங்கினர். அதன் காரணம் நம் சிந்தனைக்கு உரியது. அம்மருந்தினை மக்கள் மதுவாகப் பருகாதபடி அதில் இஞ்சியின் திண்மப்பொருள் மிகுந்திருத்தல் வேண்டுமென அரசு விதித்தது. பரிசோதகர் திரவத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, எஞ்சுவதை நிறுத்துப் பார்ப்பர். வணிகர் சிலர் இஞ்சியைக் குறைத்து, ஆவியாகாது எஞ்சி நிற்கும் முக்கிரெசைல் பொசுபேற்றைச் சேர்த்தனர். தராசு பிழை கூறவில்லை. கேட்ட வினாவுக்குச் சரியான விடையையே கூறிற்று. எஞ்சியது எவ்வளவு என்று கேட்டனரேயன்றி, எஞ்சியது யாது என்று கேட்டாரில்லை. அவ்வினாவை எழுப்பி, நஞ்சினை இனங்கண்டவர்கள் அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த மோரிஸ் சிமித்தும் எலியாஸ் எல்வோவும் ஆவர். 1959இல் மொரொக்கோ நாட்டின் மெக்கினெஸ் நகரிலே, விமான இயந்திரங்களுக்குரிய உராய்வுநீக்கி எண்ணெயைச் சமையல் எண்ணெயுடன் கலந்து விற்றமையால் ஏறத்தாழப் பதினாயிரவர் முடங்கினர். இவ்விரண்டிடத்தும் பேராசை நஞ்சினைக் கலந்தது. மலைநாட்டிலோ பெரும்பாலும் அசட்டையே கலந்தது. ஆயின் நரம்புக்கு அவ்வேற்றுமை தெரியாது.

நல்லெண்ணெய்க்குச் சோதனை இல்லாமலா இருந்தது என வினவலாம். இருந்தது, அதுவும் அழகிய சோதனை. எண்ணெயுடன் ஐதரோகுளோரிக்கமிலமும் பேபூரல் கரைசலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் உள்ளவிடத்துச் செந்நிறம் தோன்றும். இது போதுவான் சோதனை எனப்படும். இந்தியாவிலே வனஸ்பதியுடன் நல்லெண்ணெயைச் சிறிதளவு கட்டாயமாகச் சேர்க்கச் சட்டம் செய்ததும் இச்சோதனையை முன்னிட்டே. வனஸ்பதியைப் பசுநெய்யிற் கலப்போரை அச்செந்நிறம் காட்டிக்கொடுத்துவிடும். எனினும் மலைநாட்டுச் சிறுமியர் அருந்திய எண்ணெயை இவ்வாறு சோதித்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? அதில் உண்மையான நல்லெண்ணெய் இருந்தமையால் செந்நிறமே தோன்றியிருக்கும். நஞ்சு சிறிதளவாயின், எண்ணெயின் அடர்த்தியும் பிற வழக்கமான அளவுகளும் பெரிதும் மாறியிரா. ‘இது நல்லெண்ணெய்தானா?’ என்னும் வினாவுக்கு ஆம் என்னும் விடையே கிடைத்திருக்கும். ‘இதனுள் வேறு யாதுளது?’ என்பது வேறு வினா. அதற்குச் சோதனையும் வேறு. காரத்துடன் கொதிக்கவைத்தால் இந்நஞ்சு கிரெசோலாகவும் பொசுபேற்றாகவும் பிளவுறும். அவற்றைத் தக்க சோதனைப்பொருள்களால் அறியலாம். மென்படை நிறப்பகுப்பு முறையாலும் எண்ணெயினின்று அதனைப் பிரித்துக் காணலாம். ஆயின், இவை யாவும் ஐயங்கொண்டு தேடுவோர்க்கே பயன்படும்.

ஆதலின் உணவுக் காவலில் இரசாயனவியலின் இடம் யாது என்பது புலனாகின்றது. அது தானே விழித்திருக்கும் காவலனன்று. வினாவுபவனுக்கு மட்டும் விடை பகரும் சான்றாளன். சரியான வினாவை முதலில் எழுப்பவேண்டியவர் நோயாளியின் அருகிருந்து அவள் உண்டதைக் கேட்டறியும் மருத்துவர். கடைக்குள் நுழைந்து, பீப்பாயில் முன்னர் இருந்தது யாது எனக் கேட்கும் சுகாதாரப் பரிசோதகர். இவர்கள் வினவாதவிடத்து ஆய்வுகூடம் வாய்பேசாது. மலைநாட்டில் அவ்வினா எழுந்தது நன்றே. எனினும் இருபதுக்கு மேற்பட்ட சிறுமியரின் உடல்கள் சோதனைக்குழாய்களான பின்னரே எழுந்தது.

1980இல் இலங்கையில் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இயற்றப்பட்டு, உணவின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவும், ஆலோசனைக் குழுவொன்றை நிறுவவும் வழி செய்யப்பட்டது. பேராதனையில் ஆய்வும் ஓயவில்லை. 1987இல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும், சேதனப் பொசுபரசுப் பூச்சிகொல்லிகளால் நஞ்சூட்டப்பட்டோரிடத்து அதுகாறும் வேறாகப் பிரித்தறியப்படாதிருந்த ஓர் இடைநிலை நரம்புத் தளர்ச்சியை விவரித்தனர். அது உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆயின் ஓரிடத்துக் கற்ற பாடம் மற்றோரிடத்துக்கு எளிதிற் செல்வதில்லை. 1988இல் கல்கத்தாவின் பெகாலாப் பகுதியில், சமையல் எண்ணெயிற் கலந்த இதே நஞ்சு நூற்றுக்கணக்கானோரைத் தாக்கியது.

இவ்வரலாற்றைக் கேட்போருட் சிலர், பழைய வழக்கமே பிழையென்று கூறி முடித்துவிடுதல் கூடும். அது நியாயமன்று. தாய் ஊட்டியது ஊட்டத்தையே. அதனுள் நஞ்சினை வைத்தது அவள் அறியாத வேறொரு கை. அவள் செய்யக்கூடிய சோதனைகள் அனைத்தையும், அஃதாவது நிறமும் மணமும் சுவையும் பார்த்தலை, அவள் செய்திருப்பாள். அவற்றுக்கு அப்பாற்பட்ட சோதனையைச் செய்வது கற்றோரின் கடன். கல்லூரி ஆய்வுகூடத்திலே சோதனைக்குழாயைக் கையிலேந்தி நிற்கும் மாணாக்கர், நிறம் மாறியதா இல்லையா என்று குறித்துக்கொள்வதோடு அமையாது, தாம் கேட்ட வினா யாது, கேளாது விட்ட வினா யாது என்றும் எண்ணிப் பழகுவாராக. நல்லெண்ணெய் என்னும் பெயரிலுள்ள நன்மை அவ்வெண்ணத்தினாலேயே காக்கப்படும்.