பாட்டுக்கென ஒரு மாளிகை

ஒப்பெரா என்றதும், அது மேனாட்டாரின் சங்கதி, நமக்கென்ன என்று ஒதுக்கிவிடுகிறோம். வசனத்தைவிடப் பாட்டே கதையை நடத்திச் செல்வதுதான் ஒப்பெரா என்றால், ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர விடியவிடிய நடந்த எங்கள் இசைநாடகம் அதற்குத் தூரத்து உறவு. அவர்கள் பாட்டுக்கென்றே மாளிகை கட்டினார்கள், நாங்கள் கட்டவில்லை.

நமக்கு அண்மையில் உள்ள அத்தகைய மாளிகை பம்பாயின் றோயல் ஒப்பெரா ஹவுஸ். கல்கத்தாவைத் தளமாகக்கொண்டு நாடகக் குழுக்களை நடத்திய மொரிஸ் பான்ட்மனும், ஜஹாங்கீர் பிராம்ஜி கராக்கா என்ற பார்சி வணிகரும் 1908இல் இதற்கான திட்டத்தை வகுத்தனர். 1911இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்துவைத்தார். அப்போது கட்டடவேலை முடிந்திருக்கவில்லை! கட்டடம் காத்திருக்கலாம், மன்னர் காத்திருப்பாரா? வேலை பிறகும் சில ஆண்டுகள் நடந்தது.

பறோக் பாணியில் அமைந்த கட்டடம். இந்திய வேலைப்பாடும் அதனுடன் கலந்திருக்கிறது. இருமருங்கும் செல்வந்தருக்கான பொக்ஸ் இருக்கைகள். எட்டுப் பகுதிகளாக வகுத்த குவிமாடத்தில் கவிஞர்களுக்கும் நாடகாசிரியர்களுக்கும் ஓவிய அஞ்சலி. சசூன் குடும்பத்தார் கொடுத்த பளிங்குச் சரவிளக்குகள். இவை கண்ணுக்கு. என்னைக் கவர்வது அதன் உட்கூரை. மேல்மாடத்தில் இருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி அதை அமைத்தார்கள். அங்கே பாடகருக்குக் கூரையும் ஒரு பக்கவாத்தியம்.

பால கந்தர்வர், தீனாநாத் மங்கேஷ்கர் போன்ற மராத்தி இசைநாடகக் கலைஞர்கள் அந்த மேடையில் பாடினர். அவர்களுடைய நாடகத்துக்கும் எங்களுடையதற்கும் இடையில் பாலமாக இருந்தது பார்சி அரங்கு. அதன் தீட்டிய திரைகளும் பக்கத்தட்டிகளும் தமிழகக் கம்பனிகளின் வழியே யாழ்ப்பாணம் வந்தன. மாளிகை மட்டும் வரவில்லை. கிடுகுக் கொட்டகையிலும் கோயில் வீதியிலுமே ஆட்டம். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று மயான காண்டம் பாடியதும் அத்தகைய வெளிகளில்தான். கூரை செய்யவேண்டிய வேலையைத் தொண்டை செய்தது. அந்த உச்சத்தொனியைக் கூச்சல் என்று குறைசொன்ன பண்டிதர்களும் உண்டு. வெட்டவெளியில் கடைசி வரிசையில் குந்தியிருந்தவனை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

இரு இடங்களிலும் பாட்டின் இடத்தைச் சினிமா பிடித்துக்கொண்டது. 1930களில் ஒப்பெரா ஹவுஸே படமாளிகையாயிற்று. 1952இல் கொண்டல் மன்னர் அதை வாங்கினார்; 1993இல் கதவு மூடப்பட்டது. கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் பொறுப்பில் புதுப்பிக்கப்பட்டு 2016இல் மீண்டும் திறந்தபோது, பட்ரீசியா றொசாரியோ என்ற ஒப்பெராப் பாடகி அங்கே பாடினார்.

கல்லிலே கட்டியதால் பம்பாயாருக்குப் புதுப்பிக்க ஏதோ எஞ்சியிருந்தது. எங்கள் கொட்டகையைப் பிரித்தால் கிடுகும் கமுகஞ்சிலாகையும்தான். மேடை எத்தனை முழம், திரைகள் எத்தனை, ஆர்மோனியக்காரர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதெல்லாம் முதிய அண்ணாவிமாரின் ஞாபகத்தில் கிடக்கின்றன. இங்கே திருநெல்வேலியிலே பல்கலைக்கழகம் இருக்கிறது, மாணவர் இருக்கின்றனர். அண்ணாவிமாரின் வீடுகளும் அதிக தூரத்தில் இல்லை.