பலேயோகோரா

கைவிடப்பட்ட பழைய ஊரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 'பலேயோஸ்' (பழைய), 'கோரா' (ஊர்) ஆகிய இரண்டும் சேர்ந்தது. பண்டைக் கிரேக்கத்தில் கோரா என்றால் நகருக்கு வெளியே விரிந்த நாட்டுப்புறம். பின்னாளில் பொருள் ஏறக்குறையத் தலைகீழாகி, தீவுகளின் தலைமை ஊரே கோரா ஆயிற்று.

பெரும்பாலும் ஊர் பாழான பிறகே இப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. கிதீரா தீவின் அரணூர் முதலில் அகியோஸ் திமித்ரியோஸ் என்று வழங்கியது. 1537இல் ஒட்டோமான் கடற்படைத் தலைவர் பார்பரோசா அதை அழித்தபின் பலேயோகோரா ஆனது. ஈஜினா தீவில் கடற்கொள்ளையருக்கு அஞ்சி மலைச்சரிவில் குடியேறியவர்களின் வழிவந்தோர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரைக்குத் திரும்பினர். வீடுகள் சிதைந்துபோயின, முப்பதுக்கும் மேற்பட்ட சிறு தேவாலயங்கள் மட்டும் நிற்கின்றன. விதிவிலக்கும் உண்டு: கிரீட்டின் தென்மேற்குக் கரையில் இப்பெயரோடு மக்கள் நிறைந்த ஊர் இருக்கிறது.

இனச்சொல் 'பலேயோகாஸ்ட்ரோ', அதாவது பழங்கோட்டை. இதன் பிற்பகுதி இலத்தீன் 'காஸ்ட்ரும்' என்பதிலிருந்து வந்தது. குன்றின் மேல் பழங்காலச் சுவர்களைக் கண்ட ஊரார், அவற்றின் உண்மைப் பெயர் மறைந்துவிட்டதால் இவ்வாறு அழைத்தனர். கிரீசில் இப்பெயருடைய இடங்கள் பல இருப்பது அதனால்தான்.