புதுப் பதிப்பு அறியும் பொறி



இராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்க்குப் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்பெறும் புயல் கூண்டு புதிய செய்தி அன்று. வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றினால் எண்ணுடைய கூண்டு ஒன்று ஏறும். படகுக்காரர் எவரும் வானிலை நிலையத்துக்குச் சென்று, "இன்று ஏதேனும் உண்டோ?" என்று நாள்தோறும் கேட்பதில்லை. கரையில் நின்றபடியே கூண்டைக் காண்பர். படகை இழுத்துக் கட்டுவர். திறந்த மூல மென்பொருள் உலகில் இவ்வாறு செய்தி தானே வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றையே இன்று கூற எண்ணுகிறேன்.

ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பது இத்துறையின் அறம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்வுரிமையோடு ஓர் இடரும் உடன் பிறந்தது. இத்தகைய கணிப்பொறி ஒன்றில் நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் உள. ஒவ்வொன்றையும் ஆக்கியோர் வெவ்வேறு நாட்டினர். அவரவர் விரும்பிய நாளில் புதிய பதிப்பை வெளியிடுவர். அவரவர் வீட்டு வாயிலில் அவரவர் கூண்டு ஏறியது. பொதுத் துறைமுகம் ஒன்று இல்லை.

அறியாமற் போனால் என்ன கெட்டுவிடும் என நீங்கள் கேட்கலாம். ஒரு நூலின் இரண்டாம் பதிப்பு வந்தால், முதற்பதிப்பை வைத்திருப்பவனுக்குப் பெரிய இழப்பில்லை. மென்பொருளின் நிலை வேறு. புதிய பதிப்புப் பலமுறை பழையதன் ஓட்டையை அடைத்து வருவது. அடைத்த இடத்தை எவரும் படிக்கலாம் ஆதலின், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் அன்றே ஊரறிந்ததாகிவிடும். ஆகவே பழையதை வைத்திருப்பவனுக்கு நேற்றைவிட இன்று ஆபத்து மிகுதி.

இதனை நான் பட்டறிந்தேன். 2003ஆம் ஆண்டளவில் கடற்கரைப் பள்ளி ஒன்றின் கணிப்பொறிகள் என் பொறுப்பில் இருந்தன. வெள்ளிதோறும் இராமநாதபுரத்துப் பிரௌசிங் சென்டருக்குப் பேருந்தேறிச் சென்று, ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவேன். தேர்வுக் காலத்தில் இரண்டு மாதம் போகவில்லை. அதற்குள் அஞ்சல் மென்பொருளுக்குத் திருத்திய பதிப்பு வந்திருந்தது. நான் அறியேன், வேறு எவனோ அறிந்திருந்தான். எங்கள் கணிப்பொறி ஊர் பேர் தெரியாதவர்க்கெல்லாம் விளம்பர அஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. குற்றம் என்னுடையதே.

1997இல் தோன்றிய பிரெஷ்மீட் என்னும் தளம் முதலில் பெருந்துணை செய்தது. ஆக்கியோரே தம் புதிய பதிப்பை அங்கு வந்து பதிவு செய்தனர். ஆயினும் அது மனிதர் எழுத மனிதர் படிக்கும் ஏடு. எழுத மறந்தால் செய்தி இல்லை. 2014இல் அதன் பதிவுகள் நின்றுபோயின.

1993இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தார் வேறு வழி கண்டனர். ஒவ்வொரு மென்பொருளோடும் 'வாட்ச்' என்னும் சிறு கோப்பை வைத்தனர். எந்த முகவரியில் பார்ப்பது, எண் எந்த வடிவில் இருக்கும் என்பன அதில் இருக்கும். 'யூஸ்கேன்' என்னும் நிரல் அங்கே சென்று, எண்களைப் பொறுக்கி, நம்மிடம் உள்ளதோடு ஒப்பிடும். எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் 1.9, 1.10 இவற்றுள் எது புதியது? கணக்கு வாத்தியார் 1.9ஐப் பெரிதென்பார். இங்கோ புள்ளிக்குப் புள்ளி பிரித்து எண்ண வேண்டும்; பத்து ஒன்பதுக்குப் பிந்தியது. முழுமையாகாத வெள்ளோட்டப் பதிப்பை முழுப் பதிப்பெனக் கொள்ளாதிருக்கவும் பொறிக்குக் கற்பிக்க வேண்டும். பெடோராத் திட்டத்தாரின் பொறிக்கு 'அனித்யா' என்று பெயர். அநித்யம் என்றால் நிலையாமை அன்றோ! பதிப்பு எண்ணுக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நம் சென்னையிலும் இம்மரபு வேரூன்றியது. சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை 2007இல் வெளியிட்டனர். ஆக்கியோன் வெளியிட்டதை டெபியன் காண வேண்டும். டெபியன் கொண்டதைச் சென்னை காண வேண்டும். பிறகே அது மாணவன் கைக்கு வரும்.

கூண்டு ஏறியும் படகு கரை திரும்பாததுண்டு. 2017 மார்ச்சில் ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளின் திருத்திய பதிப்பு வெளிவந்தது. அமெரிக்காவின் ஈக்விபேக்ஸ் நிறுவனத்துக்குள் அச்செய்தி சுற்றுக்கு வந்தது; ஆயினும் பழையது எங்கே ஓடுகிறது என்பதைக் கண்டிலர். 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் களவு போயின.

2024இல் நேர்ந்ததோ பொறியின் கண்ணுக்கே எட்டாதது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இஸட் கருவியின் 5.6.0ஆம் பதிப்புப் பிப்ரவரியில் வந்தது. எண் முறையாக ஏறியிருந்தது; வெளியிடும் உரிமை பெற்றவரின் கையொப்பமும் செல்லுபடியானது. அவரோ ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்று, பின் நஞ்சு கலந்தவர். நஞ்சின் இன்றியமையாத பகுதி, எல்லோரும் படிக்கும் மூல நிரலில் இல்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. டெபியனின் சோதனைப் பதிப்புவரை அது புகுந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைக் கணிப்பொறியில் நுழைய அரை நொடி கூடுதலாவது ஏன் என்று ஐயுற்றுத் தேடி, மார்ச் 29இல் உண்மையை உலகுக்கு அறிவித்தார்.

அச்செய்தி கேட்ட இரவு என் பொறுப்பிலிருந்த டெபியன் 12 கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்தேன். 5.4.1 என்றிருந்தது. பழைய பதிப்பு. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த எண்ணை என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.