ஆறு மஞ்சள் குழிகளும் குன்னூர் ஊசியும்

நாய் கடிச்சு ஊசி போட வர்றவங்ககிட்ட, "எச்.ஐ.வி.க்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"ன்னு தனியா கூப்பிட்டுக் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். நாய்க்கடிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். டீயை எடுத்துக்கிட்டு உட்காருங்க.

1985. சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற முதுநிலை மாணவியிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் இங்கே இருக்கிறதா என்று தேடச் சொன்னார். அது வெளிநாட்டு வியாதி என்று எல்லாரும் நம்பியிருந்த காலம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். பிரித்த சீரத்தை வைக்க வேறு வசதியில்லை, வீட்டு ஃப்ரிட்ஜில்தான் வைத்தார். 1986 பிப்ரவரியில் ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குப் போய் எலைசா பரிசோதனை. நடுவில் கரண்ட் கட் வேற. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஆறு குழிகள் மஞ்சள்! இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த மஞ்சள் நிறம் காட்டியது வைரஸை இல்லை. வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியை. ஆன்டிபாடி இருந்தால் நோய் போகணுமே? ஏன் போகவில்லை?

1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அது சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது என்பது அடுத்த வருஷமே தெரிந்தது. சிடி4 இருப்பது உதவி டி செல்களில். நம்ம எஸ்டேட் கணக்கில் சொன்னால், உதவி டி செல்தான் மேஸ்திரி. ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் கொழுந்து பறிக்கிறவங்க. ரெண்டு இலை ஒரு மொட்டு மட்டும் பறி, முத்தல் இலையை விடு என்று சொல்ல மேஸ்திரி வேணும்.

தொற்று நாள்பட்டால் ரத்தத்தில் மேஸ்திரிகள் குறைகிறார்கள். வினோதம் என்னன்னா, நிணநீர் முடிச்சுக்குள் பி செல்லுக்கு உதவும் வகை டி செல்கள் பலருக்கு முதலில் குறையாது, பெருகும்! ஆனால் பெருகியும் பிரயோஜனமில்லை. பி செல்லுக்குச் சரியான வழிகாட்டுவதில்லை, வைரஸும் அவற்றுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. மேற்பார்வை கெட்டதும் கூடை நிரம்புகிறது, உள்ளே முக்கால்வாசி முத்தல் இலை. எய்ட்ஸ் நோயாளிகளின் பி செல்கள் ஓயாமல் தூண்டப்பட்டு இம்யூனோகுளோபுலினைக் கொட்டுவதையும், புதுத் தடுப்பூசி போட்டால் சோர்ந்து நிற்பதையும் 1983-லேயே ஆன்டனி ஃபௌச்சி இருந்த அமெரிக்கக் குழு எழுதிவிட்டது. போதாக்குறைக்கு வைரஸ் தன் சட்டையை மாற்றிக்கொண்டே ஓடும். ஆன்டிபாடி பழைய சட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்.

இப்ப நாய்க்கடிக்கு வருவோம். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே வெறிநாய்க்கடிக்காகத்தான். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட கதையைத் தாத்தா பாட்டி சொல்லியிருப்பாங்க. அது ஆட்டு மூளையில் செய்த பழைய மருந்து. இன்றைய ஊசி எவ்வளவோ மேல். ஆனால் எந்தத் தடுப்பூசியும் தானே வைரஸைக் கொல்லாது. உங்கள் பி செல்லிடம் "செய்" என்று சொல்லும், அவ்வளவுதான். சிடி4 ரொம்பக் குறைந்தவருக்கு அந்த உத்தரவு சரியாகப் போய்ச் சேராது. ரேபிஸ் வந்தபிறகு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் அவர்களுக்கு ரத்தம் வராத கீறலானாலும் தடுப்பூசியோடு, ரெடிமேட் ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலினையும் காயத்தில் போடுகிறோம். ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு சிடி4 நன்றாக இருப்பவருக்கு ஊசி மற்றவர்களைப் போலவே வேலை செய்யும். அந்த மாத்திரை 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2017 முதல் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே ஆரம்பிக்கலாம்.

நீங்க சொல்றதை வெளியே சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கு 2017 சட்டமே இருக்கு. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, கடிச்ச இடத்தைச் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு வாங்க. மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க.